சுக்கான்கல் சுண்ணாம்பும் ஒரு பிரெஞ்சு எஞ்சினியரும்

சிமெண்டு வருவதற்கு முன்னால் நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் எதை வைத்து வீடு கட்டினார்கள் என்று கேட்டால், "சுண்ணாம்பு" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கடற்கரைக்காரர்கள் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது ஒன்று. நம் உள்நாட்டுக்காரர்கள் சுக்கான்கல்லைச் சுட்டு எடுத்தது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் ஏறிய பிறகுதான் இரண்டின் குணமும் வெவ்வேறு என்பது தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிரான்சில் ஒரு பாலம் கட்டப்போன எஞ்சினியர் 1818-ல் உலகுக்கு எழுதிச் சொன்னார். நம் ஊர்க் கொத்தனார்கள் எழுதாமலே அறிந்து வைத்திருந்தார்கள்.

இதில் எனக்கு அக்கறை வந்த காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் என் தாய்வழித் தாத்தா கட்டிய வீடு எங்கள் பங்குக்கு வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பும் குறிப்பாணையும் தவிர வேறு வேலை பழகாத கை. 2017-ல் அந்த வீட்டைச் செப்பனிட எடுத்தபோது பதினான்கு மாதம் கொத்து வேலை கற்றுக்கொண்டேன். பிரெஞ்சில் இப்படிப்பட்டவனை 'அமத்தேர்' என்பார்கள். நேசிப்பவன் என்று பொருள். ஆங்கிலத்துக்குப் போய் 'அமெச்சூர்' ஆனதும் அரைகுறை என்ற பொருள் ஏறிவிட்டது. நான் இரண்டு பொருளிலும் பொருந்துவேன்.

வீட்டின் நோய் என்ன என்று முதலில் பார்க்கவேண்டும். சுவர் ஒன்றே முக்கால் அடி கனம், செங்கல்லும் மண் சாந்தும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. 1980-களில் என் மாமா காலத்தில் அந்தப் பூச்சின்மேல் சிமெண்டு பூசிவிட்டார்கள். அன்றைக்கு அது கௌரவம். சிமெண்டு வீடு என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மதிப்பார்கள். ஆனால் பழைய சுவருக்கு அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டது. போக இடமில்லாத ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, மண் சாந்தைக் கரைத்து, ஆளுயரத்துக்குப் பூச்சு பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "இடிச்சுட்டு பில்லர் போட்டுடலாம் சார், ஆறு மாசத்துல சாவி கையில" என்றார். அவர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் என் ரத்த அழுத்தம் இன்னொரு முறை ஏறும்.

புதுச்சேரிக்காரனுக்கு இடிப்பது என்ற சொல் அவ்வளவு லேசாக இறங்காது. வைசியாள் வீதி வீடுகளைச் சீர்செய்ததற்கு யுனெஸ்கோ விருது வந்ததைப் பார்த்தவன் நான். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் மொத்தமாகச் சரிந்து விழுந்ததையும் பார்த்தவன். அதைப் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். ஆனால் திரும்பக் கட்டியது வேறு, நின்றது வேறு.

ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடினேன். சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவர் அகப்பட்டார். எண்பது தாண்டியவர். கரண்டி பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மகன் ஒருவர் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு வடமாநிலத்தில், இன்னொருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில். பேரன் கோழிப்பண்ணையில். வேலையைக் கேட்டு எவரும் வரவில்லை. நான் போய் நின்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பிரெஞ்செல்லாம் படிச்சவீங்களாமா? சுண்ணாம்புக்கு எந்தப் பாசையும் தெரியாதுங்க. கைய மட்டுந்தான் அதுக்குத் தெரியும்" என்றார். தன்னால் சாரத்தில் ஏற முடியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறேன், பூசுவது நீங்கள் என்பது அவர் நிபந்தனை. அவரை நான் 'அய்யா' என்றே கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசிவரை 'சாருங்க' என்றுதான் கூப்பிட்டார்.

அய்யா முதலில் சொன்னது: "மூணு அடி வரைக்கும் சுக்கான்கல்லு. மேல எதுனாலும் போடுங்க. மேப்பூச்சுக்குக் கிளிஞ்ச." ஏன் என்று கேட்டேன். "கிளிஞ்ச தண்ணிக்குள்ள உறங்காதுங்க, கரைஞ்சுக்கிட்டே இருக்கும். சுக்கான் தண்ணியக் குடிச்சிட்டு இறுகும்" என்றார். கிணறு, தொட்டி, அஸ்திவாரம் எதற்கும் அவர் ஆசான் கிளிஞ்சல் சேர்க்க விடமாட்டாராம்.

சுக்கான்கல் என்பது நம் மேட்டு நிலங்களில் ஓரிரு அடி தோண்டினாலே வரும் முண்டு முண்டான அழுக்கு வெள்ளைக் கல். மண்ணுக்குள் சுண்ணச் சத்து கட்டி கட்டியாகத் திரண்டது. உழவனுக்கு எரிச்சல், கிணறு வெட்டுகிறவனுக்குத் தொல்லை. நிலவியல்காரர்கள் இதை 'கங்கர்' என்பார்கள். இதில் களிமண் கலந்தே இருக்கும். அந்த அழுக்குதான் இதன் மகிமை. சேலத்துக்கு வடக்கே வெள்ளைவெளேரென்று தெரிகிற குன்றுகளை வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டான். பெயரைக் கேட்டுச் சுண்ணாம்பு என்று நினைக்கவேண்டாம். அது மாக்னசைட், உலைக்களச் செங்கலுக்குப் போவது. சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் சங்ககிரி. அங்கே 1960-களின் தொடக்கத்தில் சிமெண்டு ஆலையே வந்தது.

இப்போது அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் வருகிறேன். லூயி விக்கா, பிறந்தது 1786. தென்மேற்குப் பிரான்சில் தொர்தோன் ஆற்றின்மேல் சுய்யாக் என்ற ஊரில் பாலம் கட்ட அனுப்பப்பட்ட இளம் எஞ்சினியர். நெப்போலியன் சண்டைகளில் கஜானா காலியானதால் வேலை அடிக்கடி நின்றது. காசில்லாத நாட்களில் அவர் ஊர் ஊராகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். சில சுண்ணாம்பு நீருக்குள் இறுகும், சில இறுகாது என்பது ரோமானியர் காலம் முதல் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் ஸ்மீட்டன் 1750-களில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டியபோது, களிமண் கலந்த கல்லே நீரில் இறுகுகிறது என்று கண்டுகொண்டார். விக்கா அதற்கு மேலே போனார். எவ்வளவு களிமண் இருந்தால் எவ்வளவு இறுகும் என்று தரம் பிரித்தார். அப்படிப்பட்ட கல் கிடைக்காத ஊரில் தூய சுண்ணாம்போடு களிமண்ணை நாமே கலந்து சுட்டால் போதும் என்றும் காட்டினார். இதை 1818-ல் அச்சிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. ஆறு வருடம் கழித்து 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்று காப்புரிமை வாங்கிக்கொண்டார். பெயர் அவருக்குப் போனது. விக்காவுக்கு ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் ஓர் இடம் கிடைத்தது. அதோடு ஓர் ஊசி. சிமெண்டு எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பார்க்க இன்றும் எல்லாச் சோதனைச் சாலைகளிலும் இறக்குவது விக்கா ஊசியைத்தான். அய்யாவிடம் அந்த ஊசி இல்லை. கட்டைவிரல் நகத்தைப் பூச்சில் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் மணியாசு கட்டை போடலாம், பதியாவிட்டால் நேரம் போய்விட்டது.

விக்காவின் நூலை 1837-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் நம் சென்னைக்காரர் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மதராஸ் எஞ்சினியர் படையின் கேப்டன் ஜே.டி. ஸ்மித். உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிற கல் கலங்கரை விளக்கம் இவர் வேலை. தாமே செய்த சோதனைகளைக் குறிப்புகளாகச் சேர்த்து மொழிபெயர்த்திருக்கிறார். பிரெஞ்சு மூலத்தையும் ஸ்மித்தின் ஆங்கிலத்தையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாரிடம் வாங்கிய அடிகளுக்கு எழுபதை நெருங்கும் வயதில் வட்டி கிடைத்தது. விக்கா 'கொழுத்த சுண்ணாம்பு' என்றும் 'நீர்ச் சுண்ணாம்பு' என்றும் பிரிப்பதை அய்யாவுக்குத் தமிழில் சொன்னேன். "அதைத்தானுங்களே நானும் சொன்னேன்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

இதற்கும் நூறு வருடம் முந்திய ஒரு சாட்சி இருக்கிறது. ஐசக் பைக் என்பவர் செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர். சென்னையில் நல்ல சாந்து எப்படிச் செய்கிறார்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் 1732-ல் எழுதினார். வெல்லம் கரைத்த நீர், பயற்றைக் காய்ச்சி எடுத்த கஞ்சி, கடுக்காய் ஊறிய நீர் எல்லாம் அதில் வருகின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அய்யா சொன்னதும் ஏறக்குறைய இதேதான். பயறு மட்டும் இல்லை. ஏறக்குறைய முந்நூறு வருடத்தில் ஒரு செய்முறை வாய்வழியாகவே வந்து இவ்வளவுதான் மாறியிருக்கிறது. பைக்கும் ஸ்மித்தும் பெயரோடு நிற்கிறார்கள். சொல்லிக்கொடுத்த சென்னைக் கொத்தனார் ஒருவர் பெயரையும் காணோம். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. குறிப்பு எழுதுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர்.

வேலைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் காளவாய்கள் அணைந்து வெகுகாலமாகிவிட்டதால் சுக்கான்கல்லை நாங்களே சுட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தியபோது குவித்திருந்த கல்லைக் கழுவி, எலுமிச்சை அளவுக்கு உடைத்து, வேலிக்காத்தான் விறகும் கரியும் கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு, மண் பூசிய சின்னக் காளவாய். ஏறக்குறைய 900 டிகிரி வெப்பம் வேண்டும். அய்யாவிடம் வெப்பமானி இல்லை, தீயின் நிறத்தைப் பார்த்தார். ஒரு ராத்திரி, மறுநாள், இன்னொரு ராத்திரி. ஆறியபின் எடுத்துப் பார்த்தால் கல் அதே உருவில் இருக்கும், எடை மட்டும் பாதிக்குப் பக்கம் குறைந்திருக்கும். கரியமிலவாயு போய்விட்டது. அதன்மேல் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்துப் பொடியாகும். இதற்குத் 'தாளித்தல்' என்று பெயர் வைத்தாலும் தகும். கண்ணில் பட்டால் பார்வை போகும், ஆகையால் கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. கைக்குத் தேங்காய் எண்ணெய். பூசிய பிறகு அதே சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெதுவாக மறுபடி கல்லாகிறது. நிலத்திலிருந்து எடுத்த கல்லைச் சுவரில் கல்லாகவே திரும்ப வைக்கிறோம்.

அந்தக் காலத்தில் சாந்தை அரைக்கச் செக்கு இருந்தது. வட்டமான கல் கால்வாய், அதில் உருளும் கல் சக்கரம், இழுக்க ஒரு ஜோடி மாடு. எங்கள் ஊர்ச் செக்கின் சக்கரம் இன்றைக்குக் கோயில் வாசலில் உட்காருவதற்குப் போட்டிருக்கிறது. ஆகவே ஹோட்டலில் ஓய்ந்துபோன பெரிய இட்லி கிரைண்டர் ஒன்றைச் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்தேன். அய்யா அதைச் சந்தேகமாகப் பார்த்தார். முதல் ஈடு அரைத்து விரலில் தேய்த்துப் பார்த்தபின், "மாட்டுக்குத் தீனி மிச்சம்" என்றார். மணலோடு உடைந்த பழஞ்செங்கல்லைப் பொடித்த சுருக்கியும் சேர்த்தோம். சுருக்கிக்கு நாடறிந்த உதாரணம் முல்லைப் பெரியாறு அணை. பென்னிகுயிக் 1895-ல் முடித்தது, சுண்ணாம்பும் சுருக்கியும்தான் அதன் சாந்து. கடுக்காயை உடைத்து ஊறவைத்த நீரும் வெல்லமும் சில நாள் புளித்த பிறகு கலந்தோம். வெல்லம் எதற்கு என்று என் பேத்தி கேட்டாள். சர்க்கரை சேர்ந்த நீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும் என்பது வேதியியல். எறும்புக்குத் தெரியாமல் பூசவேண்டும் என்பது அய்யாவின் பதில்.

கை பழக எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கரண்டியில் எடுத்ததைச் சுவரில் வீசி அறைய வேண்டும், தடவக்கூடாது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் கோட்டைச் சொல்லும், விசையைச் சொல்லாது. மாட்டுத் தொழுவத்துச் சுவர்தான் என் சிலேட்டு. அதில் பூசியதை அய்யா பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் தட்டி உதிர்க்கச் சொல்வார். ஒருநாள் உதிர்க்கச் சொல்லவில்லை. மறுநாள் கூடத்துச் சுவரில் கைவைத்தேன்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நாள் கணக்கில் இடைவெளி. ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட வேண்டும். சித்திரை வெயிலில் தொடவே கூடாது. மேல்பூச்சுக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு தருவித்தேன். அதோடு நைசான வெள்ளைக்கல் மாவும் முட்டை வெண்கருவும். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னுகிறதே, அதே வகை வேலை. முட்டைக்கு நாமக்கல்லில் பஞ்சமா? அட்டை அட்டையாக வாங்கினோம். மஞ்சள்கரு அத்தனையும் தெருவுக்கே பொரியலாகப் போனது. அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் குழம்புக்குக் காய் வாங்கவில்லை. கடைசியில் கல்சட்டி செய்கிற மாக்கல்லின் மாவைத் தூவி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க சுவரில் முகம் தெரியும். தோள்பட்டைதான் தெரியாமல் போகும்.

இவ்வளவு நல்ல தொழில் எப்படி மறைந்தது? சிமெண்டு உயர்ந்தது, சுண்ணாம்பு தாழ்ந்தது என்பது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்தியாவில் சிமெண்டு செய்ய முதல் முயற்சி 1904-ல் சென்னையில் நடந்து தோற்றது. 1914-ல் போர்பந்தரில் வெற்றி கண்டது. நம் பக்கம் மதுக்கரை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. அப்படியும் 1970-கள் வரை கிராமத்துக் காளவாய்கள் புகைந்தன. ஏனென்றால் சிமெண்டு கட்டுப்பாட்டுச் சரக்கு. பெர்மிட் வேண்டும், மனுப் போட்டு, சிபாரிசு பிடித்து, காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், நாலு மூட்டை சிமெண்டுக்காக மனிதர்கள் நின்ற நிலையை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1982-ல் பாதிக் கட்டுப்பாடு போனது, 1989-ல் முழுதும் போனது. தெருமுனைக் கடையில் மூட்டை அடுக்கிவிட்டார்கள். காளவாய்க்காரனுக்கு அதுதான் கடைசி அடி. சுண்ணாம்பு கேட்பது நாட்களை. சிமெண்டு கேட்பது பணத்தை. தினக்கூலிக்கு ஆள் வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவன் நாட்களைத் தரமாட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. காங்கிரீட் மாடியின்மேல் வெயில் தாங்கப் போடும் செங்கல் ஜல்லித் தளத்தில் மட்டும் சுண்ணாம்பு இன்னும் சில காலம் ஒண்டிக்கொண்டிருந்தது.

வேறொரு வேடிக்கை. விக்காவின் மகன் 1853-ல் தொடங்கிய சிமெண்டுக் கம்பெனி இன்றும் இருக்கிறது. 2010-ல் ஆந்திராவின் பாரதி சிமெண்டில் பெரும்பங்கை வாங்கியது அந்த விக்கா கம்பெனிதான். சுக்கான்கல்லின் குணத்தை எழுதிவைத்தவரின் குடும்பப் பெயர் நம் பக்கமே மூட்டையாக வந்து நிற்கிறது.

நல்ல வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளாலேயே கட்டப்படவேண்டும் என்று காந்தியடிகள் எழுதினார். லாரி பேக்கர் அதைப் பிடித்துக்கொண்டு கேரளத்தில் வாழ்நாளெல்லாம் கட்டினார். பிர்மிங்காமில் படித்துப் பட்டம் பெற்ற அந்த மனிதர், இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட் கிராமத்துக் கொத்தர்களிடமே மறுபடி பாடம் படித்ததாகச் சொல்லிக்கொண்டார். என் கணக்கில் கல், மணல், சுருக்கி, விறகு, முட்டை ஐந்து மைலுக்குள். கடுக்காய் கொல்லிமலைக்காரரிடம் வாங்கியது, கொஞ்சம் மீறினது. கிளிஞ்சல் நூறு மைலுக்கும் மேல். மகாத்மா மன்னிப்பார்.

அய்யா இரண்டு வருடத்துக்கு முன் ஆவணியில் காலமானார். கூடத்துச் சுவர் முடிந்த அன்று நான் வற்புறுத்தி, வாசற்படிக்கு உள்பக்கம் ஈரப் பூச்சில் அவர் பெயரை அவர் கையாலேயே எழுத வைத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும், ஒரு எழுத்து தலைகீழாக விழுந்தது. அப்படியே இருக்கிறது. பேரன் ஒருநாள் பண்ணை லோடு இறக்கிவிட்டுப் போகும்போது வந்து அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். கரண்டியைக் கேட்டான், கொடுத்தேன். தொழுவத்துச் சுவரில் ஒரு பக்கம் இன்னும் பூசாமல் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். இதுவரை மூன்று ஞாயிறு வந்திருக்கிறான்.

தாளித்து ஆறவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு பின்கட்டுக் குழியில் தண்ணீர் நிற்க இன்னும் பாதி இருக்கிறது. நாள் ஆக ஆக நயமாகும், கெடாது. ராசிபுரம், நாமக்கல் பக்கம் பழைய வீட்டுச் சுவரோடு மல்லாடிக்கொண்டிருக்கிற அன்பர்கள் யாராவது இருந்தால் மூடி போட்ட டப்பாவோடு வாருங்கள், எடுத்துப் போகலாம். கண்ணாடியும் கொண்டு வாருங்கள்.